வெயிலில் ஓடிய வைப்பர்

நாங்கள் சுற்றிய வான் வண்டி மகளின் சிநேகிதியுடையது. பின்பக்கம் ஒரு கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்க் கான். முதல் நாள் பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. ஜெர்மனியில் அது பக்கத்தில் வருகிறவரின் இருக்கை. நியூசிலாந்தில், ஒக்லாந்தில், நான் மவுண்ட் வெல்லிங்டன் பேக்கரியில் பாண் ஏற்றி வானில் கடைகளுக்குப் போடுகிறவன். அங்கே ஸ்டியரிங் வலப்பக்கம்; அந்தப் பக்கம் இருந்தால் என் காலுக்கு வேலை இருக்கும். மகள் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது என் கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

மனைவி எனக்கு ஒரே ஒரு வேலைதான் தந்து அனுப்பியிருந்தாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் லீவு கிடைக்கவில்லை. ஜெர்மனிக்கு மேலே படிக்கவென்று போன மகள், படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். திரும்பி வருவாளா மாட்டாளா என்று நேரில் கேட்டுவர வேண்டும்.

"போனில கேட்டால் சிரிச்சு மழுப்பிறாள். நீங்கள் கேட்டால் சொல்லுவாள்" என்றாள்.

நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதாலா, பிறவிக் குணமா, தெரியாது. கடைகளிலும் பாண் தட்டை இறக்கிவைத்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். ஒரு கிழமை வானில் சுற்றியும் அந்தக் கேள்வி வாய்க்குள்ளேயே இருந்தது. ரேகன்ஸ்பூர்க் என்ற பழைய நகரத்துக்குப் போன அன்று, இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் எழும்பினேன்.

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு பெரிய வெளியில் வானை விட்டுவிட்டு, பழைய கல்பாலத்தால் நடந்தோம். பாலத்தின் ஒரு பகுதியைப் பலகையால் மறைத்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் மேல் சின்னக் கல் மனிதன் ஒருவன் கூரைமுகட்டில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்து நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரைப் பார்க்கிறான் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்களாம். மகள் ஒன்றைச் சொன்னாள். அவள் சொல்லி முடித்ததும் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் படம் எடுக்க வந்தவர்கள் நெருக்க, நாங்கள் விலகி நடந்தோம்.

அக்கரையில் ஒரு தெருவைக் கடக்கும்போது வலப்பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைத்தேன். இடப்பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. மகள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை பிடித்த பிடியை விடவில்லை.

இரட்டைக் கோபுரத் தேவாலயத்துக்கு முன்னால் அவளுடைய சிநேகிதர் இரண்டு பேர் காத்திருந்தார்கள். எனக்குக் கை தந்தார்கள். பிறகு மூவரும் ஜெர்மன் மொழியில் கதைத்துச் சிரித்தார்கள். அந்த மொழியில் அவள் சிரிப்பு கொஞ்சம் சத்தமாக, வேறு யாரோ சிரிப்பதுபோல இருந்தது. எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்தேன். கால் உளைகிறது, ஆற்றங்கரையில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையில் கால் உளையவில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே ஆறு சுழித்துக்கொண்டு போனது. எத்தனையோ பேர் கடந்து போனார்கள். அந்த நகரத்தில் நான் வாய் திறந்தால் விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் அவள்தான். ஒக்லாந்தில், எங்கள் கிளென் ஈடன் வீட்டில், மனைவி மாலை வேலைக்குப் போகும் நாட்களும் நினைவுக்கு வந்தன. அப்போது மகளுடைய காலி அறைக் கதவை நான் திறந்துதான் வைப்பேன்.

மாலை வானுக்குத் திரும்பியபோது அந்த வெளி அநேகமாகக் காலியாகியிருந்தது. வெயில் மட்டும் குறையவில்லை. மகள் சாவியை நீட்டினாள்.

"ஒருக்கா ஓடிப் பாருங்கோவன் அப்பா. ஒருத்தரும் இல்லை."

ஒக்லாந்தில், வெஸ்ட்கேட்டில் இப்படி ஒரு காலி கார்ப் பார்க்கில்தான், ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் பழைய ஜப்பான் காரில் அவளுக்கு ஓடப் பழக்கினேன். இப்போது இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். மெல்ல நகர்த்தி, திரும்புவதற்கு சிக்னல் போட்டேன். எங்கள் காரில் சிக்னல் இருக்கும் வலப்பக்கத்தை வலக்கை தன் பாட்டில் போய்த் தட்டியது; இங்கே அது வைப்பர். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஓடியது.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இது எங்கள் வீட்டுச் சிரிப்பு.

"நானும் முதல் வருசம் உப்பிடித்தான். மழையில்லாத நாளிலயும் வைப்பர் போட்டுக்கொண்டு திரிஞ்சனான்."

"இப்ப?"

"இப்ப பிழைக்கிறதில்லை."

ஒரு கிழமையாக நானும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அவள் கை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. வைப்பரை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. அவளே எட்டி நிறுத்தினாள். அந்தக் கையை எடுக்காமலே கேட்டாள்.

"அம்மா கேக்கச் சொன்னவாவோ?"

"ஓம்."

"நான் திரும்பி வரேல்லை அப்பா. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

சரி பிள்ளை என்றேன்.  வானை நிறுத்திவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு மாறினேன்.

மகள் வானின் பின்னால் சோறு காய்ச்ச அரிசி கழுவும்போது, நான் வெளியே நின்று மனைவிக்குப் போன் எடுத்தேன். அங்கே மறுநாள் விடியற்காலை. காலை வேலைக்குப் போக, கிளென் ஈடன் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றாள். பாலத்தைப் பற்றியும் கல் மனிதனைப் பற்றியும் சொன்னேன். எல்லாம் கேட்டாள்.

"கேட்டனீங்களோ?"

"வான் நல்லா ஓடுறாள்" என்றேன். "கை பிழைக்கிறதே இல்லை."



"அப்ப வரமாட்டாள்" என்றாள்.

 ரயில் வருகிறது, ஏறப்போகிறேன் என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.