ரவி அண்ணன் இடத்தில் நான்

ராக் பேண்டில் பாடகியாக இருப்பது பாடுகிற வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முக்கால்வாசி நேரம் பதில் சொல்கிற வேலை. பழைய ஆள் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்து, 'அவர் இருந்தப்போ இப்படி இல்லையே' என்பதைக் கேட்டுக்கேட்டுக் காது தேய்ந்த எல்லோருக்கும் இது புரியும்.

பூஜைக் கச்சேரி

ஒரு காலத்தில் ஓசூர் கம்பெனிகளில் ஆயுத பூஜை என்றால் 'கூலன்ட்' பேண்டுதான். பாடகர் ரவி அண்ணன் வேலை மாற்றலாகிப் புனே போனார், பேண்டும் படுத்துவிட்டது. பத்து வருஷம் கழித்து கிடார் சம்பத் அண்ணனும் டிரம்ஸ் ஜாபர் அண்ணனும் தூசி தட்டி எழுப்பினார்கள். பாஸ் கிடாருக்கு அத்திப்பள்ளியிலிருந்து மஞ்சுநாத், பாட்டுக்கு எம்.ஏ. படிக்கும் நான்.

முதல் கச்சேரி ஒரு கம்பெனி ஷெட்டில். சந்தனம் பூசிய மெஷின்களுக்கும் வாழைக் கன்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பாடி இறங்கினேன். கை நிறையப் பொரியோடு ஒரு சூப்பர்வைசர் வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

"நல்லா பாடுனம்மா. ரவி எப்போ மேடைக்கு வருவாரு?"

குடோனில் மூன்று பாஷை

மறுவருகை ஆல்பம் போடுவதென்று முடிவானது. ஜாபர் அண்ணனின் ஹார்டுவேர் கடை குடோன்தான் ஸ்டுடியோ; பி.வி.சி. பைப் அடுக்குக்கு நடுவில் மைக். மஞ்சுநாத்துக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும், அதனால் ஒத்திகை ஒரு வாரம் காலையில், மறு வாரம் மத்தியானம். உத்தனப்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வருகிற என்னை யாரும் கேட்பதில்லை. கேட்காததால் நானே கேட்டேன். அவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சமாதானம் சொன்னார்கள், நான் தமிழிலேயே சண்டை போட்டேன். எல்லாம் ஓய்ந்ததும் மஞ்சுநாத் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்:

"சண்டை போடு, தப்பில்ல. ஸ்வல்ப, கொஞ்சம் சுருதியில போடு."

மஞ்சள் சீட்டு

சம்பத் அண்ணன் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே 'மாஸ்டர்' என்கிற மாதிரிப் பாகத்தோடு ஒப்பிட்டு, நல்ல பாகத்துக்குப் பச்சைச் சீட்டு, திருத்த வேண்டியதற்கு மஞ்சள், குப்பைக்குச் சிவப்பு. அதே சீட்டுக் கட்டை குடோனுக்கும் கொண்டு வந்துவிட்டார்! ஒவ்வொரு முறை பாடி முடித்ததும் மைக் ஸ்டாண்டில் ஒரு சீட்டு தொங்கும்.

ஒன்பது பாட்டுக்குப் பச்சை வாங்கிவிட்டேன். பத்தாவது, அவர்களுடைய பழைய ஹிட், 'கேட் மூடியாச்சு'. பதினோரு தடவை பாடினேன், பதினோரு மஞ்சள். அந்த ஒரு பாட்டை மட்டும் ரவியையே பாடவைத்துப் போட்டுவிடலாம் என்று சம்பத் அண்ணன் முணுமுணுக்கவும் ஆரம்பித்தார். எல்லோரும் முதலில் கேட்கப்போவதே அந்தப் பாட்டைத்தான். அதில் என் குரல் இல்லையென்றால் மற்ற ஒன்பதிலும் நான் விருந்தாளிதானே? "பாட்டு என்ன பிரேக் ஷூவாண்ணா?" என்றேன். பழைய சி.டி.யைத் தூக்கிக் காட்டினார்.

"இதான் மாஸ்டர் பீஸு. இது மாதிரி வரலம்மா. ரீவொர்க்."

ரிவிஷன் இரண்டு

என் அப்பா லேத் ஓட்டுகிறவர். சோறு பிசையும்போதுகூட வீட்டில் பாகங்களின் வரைபடம், அதாவது டிராயிங் பேச்சுதான் ஓடும். அதனால் மறுநாள் நான் இசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏண்ணா, டிராயிங் மாறினா பழைய மாஸ்டரை வச்சு செக் பண்ணுவீங்களா?"

"அதெப்படி? எடுத்து உள்ள வச்சிருவோம்."

"பாட்டோட சுருதிய ஏத்தினது நீங்க. பாஸ் மாத்தினது நீங்க. ஆளையே மாத்தியாச்சு. டிராயிங் புதுசு, மாஸ்டர் மட்டும் பழசா?"

ஜாபர் அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சம்பத் அண்ணன் சிரிக்கவில்லை. கம்பெனி விதியைக் காட்டிக் கேட்டால் அவரால் தூங்க முடியாது. பழைய சி.டி.யை உறைக்குள் போட்டார். பன்னிரண்டாவது தடவை நான் யார் மாதிரியும் பாடவில்லை. முடிந்ததும் ஒரு பச்சைச் சீட்டை என்னிடமே நீட்டினார்.

"ரிவிஷன் ரெண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. கம்ப்ளைன்ட் வந்தா நீதான் பதில் சொல்லணும்."

ஆடிட்

கம்ப்ளைன்ட் நேரிலேயே வந்தது. லீவுக்கு ஊருக்கு வந்த ரவி அண்ணன், ஒரு மத்தியானம் கடையில் ஆணிப் பெட்டிமேல் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். சொல்ல வேண்டிய ஏழு வாதங்களையும் நான் வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். பாட்டு முடிந்தது. மறுபடியும் போடச் சொன்னார். இரண்டாம் முறை அவர் கால் தாளம் போட்டது. பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல் சம்பத் அண்ணனிடம் சொன்னார்:

"என்னோடத அழிச்சிராத சம்பத்து, நான் பாடுனேன்னு எம்புள்ளைங்க நம்ப மாட்டேங்குது. வெளிய இத விடு."

பத்துப் பாட்டும் என் குரலில் வந்தாயிற்று, ஆனால் பயன்படாமல் போன அந்த ஏழு வாதங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.