நாற்பத்தெட்டு மார்க்கும் பட்டணத்துக் காலேஜும்

யுத்தம் முடிந்து இரண்டாவது வருடம். அரியலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஹைஸ்கூலில் நான் கிளார்க். ஏலாக்குறிச்சியில் எலிமெண்டரி வாத்தியாராக இருந்த அந்தோணிசாமி, ஒரு கடிதத்தோடு வேர்க்க விறுவிறுக்க ஆபீசுக்குள் வந்தார்.

"ரைட்டர் சார், எம்பொண்ணு காப்பி அடிச்சிருப்பாளோன்னு சந்தேகப்படுறாங்க சார்!"

எங்கள் பள்ளியில் படித்து முடித்த அவர் மகள் லூர்துமேரி பட்டணத்தில் பெரிய காலேஜுக்கு மனுப்போட்டிருந்தாள். இங்கிலீஷில் பள்ளி மார்க் நாற்பத்தெட்டு, பப்ளிக் பரீட்சையில் எண்பத்தொன்று. கேள்விப்படாத பள்ளி, இத்தனை வித்தியாசம் எப்படி என்று கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் சீட் இல்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் அல்ல, எங்கள் ஹெட்மாஸ்டர் மேல். இங்கிலீஷ் பேப்பர் திருத்துவது அவர்தான். ஐம்பதைத் தாண்டி மார்க் போட்டால் பிள்ளைகளுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்பது அவர் கொள்கை. நாற்பத்தெட்டு வாங்கினால் எங்கள் ஊரில் மிட்டாய் கொடுப்பார்கள். பட்டணத்துக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? மனுவைக் கட்டி அனுப்பிய எனக்கும் அது உறைக்கவில்லை.

ஹெட்மாஸ்டர் கடிதத்தைப் படித்துவிட்டுச் சீறினார். "நான் போட்ட மார்க்குக்கு இவனுக்கு விளக்கம் எழுதணுமாய்யா?"

"நீங்க எழுத வேணாம் சார். வகுப்பு மார்க் லிஸ்ட்டையும், அந்தப் பொண்ணோட பேப்பரையும் அனுப்புறேன். அவங்களே திருத்திப் பாக்கட்டும்."

"அப்ப என் திருத்தல் தப்புங்கிறியா?"

"உங்க வீம்புக்கு அந்தப் புள்ள திருடிப் பட்டம் சுமக்கணுமா சார்?"

சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு பழைய பேப்பர்கள் இருந்த பீரோவின் சாவியை மேஜையில் வைத்தார்.

லிஸ்ட்டை டைப் அடித்தேன். அவளுக்கு அடுத்த மார்க்கே முப்பத்தாறுதான். பேப்பரோடு கட்டி, பகல் ரயிலின் தபால் வண்டியில் நானே சேர்த்தேன்.

ஒரு வாரத்தில் பேப்பர் திரும்பி வந்தது. ஹெட்மாஸ்டரின் சிவப்பு நாற்பத்தெட்டுக்குப் பக்கத்தில் நீல மையில் எழுபத்தொன்பது. சீட்டும் கிடைத்தது. அந்தோணிசாமி வாய்விட்டு அழுதார்.

ஹெட்மாஸ்டர் பேப்பரைப் புரட்டி, "அங்க திருத்தினவன் ரெண்டு கமாத் தப்பைப் பாக்காம விட்டுட்டான்" என்றார். அதன் பிறகும் அவர் ஐம்பதைத் தாண்டவில்லை. ஆனால் நான் ஓய்வுபெறும்வரை, வகுப்பு மார்க் லிஸ்ட் இல்லாமல் ஒரு பிள்ளையின் மனுவும் என் மேஜையை விட்டுப் போகவில்லை. அவர் இருந்தவரை எல்லா லிஸ்ட்டிலும் அவரே கையெழுத்துப் போட்டார்.