அந்த ‘ஏ’ படம் யாருக்கானது

தை மாதம், இரண்டாம் வெள்ளி. தேனி. புதுப்பட வெளியீடு, ‘ஏ’ சான்றிதழ். காலைக் காட்சியில் இளைஞர்கள் மிகுதி. இடைவேளையில் பாதிப்பேர் வெளியேறினர். ஓர் இருக்கை கிழிக்கப்பட்டது. என் மனைவி இறந்தபின், திரையரங்க மேலாளராக நான் பணிக்குத் திரும்பிய முதல் நாள்.

படத்தின் கதை வெள்ளையர் காலத்தது. ஏலத்தோட்ட பங்களாவில் ஒரு விதவை. இறந்த கணவன் இரவுதோறும் படுக்கைக்கு வருவதாக நம்புகிறாள். மருத்துவம் பார்க்க வருபவன் அவளையும் தோட்டத்தையும் அடைய, அவளைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான். படுக்கைக் காட்சிகள் பல. ஆனால் கேமரா அவள் முகத்தை விட்டு விலகுவதில்லை. விசிலடிக்க வந்தவர்களுக்கு அது ஏமாற்றம்.

திரையரங்க உரிமையாளர் போனில் கொதித்தார். “யாருக்குத்தான் சார் இந்தப் படம்? நாளைக்கே தூக்கிருங்க.”

உளவியல் முதுகலை படித்தவன் நான். மாலைவரை அவகாசம் கேட்டேன்.

மதியம் மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்திறங்கியது. தேனியில் ஜவுளி எடுத்தால் படமும் பார்த்துத் திரும்புவது அவர்கள் வழக்கம். போஸ்டரில் நாயகியின் நகைகளைக் கண்டு ராஜா காலத்துப் படம் என்று நினைத்துவிட்டார்கள். குழந்தைகளை அனுமதிக்க இயலாது என்றேன்.

“அக்கா, இது அந்த மாதிரிப் படமாம். வா, போவம்” என்றார் உடன்வந்த தம்பி.

“எந்த மாதிரி? எனக்கென்ன பதினெட்டு ஆகலையா? நீ பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயி புரோட்டா வாங்கிக் குடு. நான் பார்த்துட்டு வாரேன்.”

அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். தனியாக உள்ளே சென்றார்.

காட்சி முடிந்ததும் வாசலில் நின்று கருத்துக் கேட்பது என் பணிமுறை. அவரிடமும் கேட்டேன்.

“அவளுக்குக் கிறுக்குன்னு அந்த டாக்டர் சொல்றான். எனக்கு அப்பிடித் தெரியல சார். எங்க வீட்டுக்காரரு போயி ஏழு வருசமாச்சு. இன்னமும் நான் கட்டில்ல ஓரமாத்தான் படுக்கேன்.”

உரிமையாளரை அழைத்தேன். “துணையை இழந்தவர்களுக்கான படம்” என்றேன்.

“அவுகள எங்கன போயித் தேடுறது?” என்றார். பிறகு குரல் தணிந்தது. “சரி சார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓடட்டும்.”

ஞாயிறு மதியம் சிலரே வந்தனர். பெரும்பாலோர் பக்கத்தில் ஓர் இருக்கையைக் காலியாக விட்டு அமர்ந்தனர். எவரும் இடையில் எழவில்லை. திங்களன்று வேறு படம்.

இத்தொழிலுக்கு வருவோர்க்கு: சான்றிதழ் சொல்வது வயதை மட்டுமே. ஒரு படம் யாருக்குப் பிடிக்கும் என்பதை, பார்த்துவிட்டு வெளியே வருபவர்தாம் சொல்ல முடியும். வாசலில் நில்லுங்கள்.

இன்னும் செய்யாதவை:

கிழிந்த இருக்கையைத் தைப்பது.
விநியோகஸ்தருக்கு அந்த அம்மையாரின் கருத்தைத் தெரிவிப்பது.
வீட்டில், சன்னல் பக்கத் தலையணையின் உறையைச் சலவைக்குப் போடுவது.