வாடிவீட்டுப் புத்தகத்தில் நான் எழுதிய ஆங்கிலம்

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "முதல்தடவையாக வெளிநாடு போகிறேன். விடுதியில் அறை சரியில்லை என்றால் ஆங்கிலத்தில் எப்படிக் குறை சொல்வது?" கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் அதைச் செய்திருக்கிறேன். அறுபதுகளின் தொடக்கம். கலியாணமாகி இரண்டு மாதம். வன்னிக் கடற்கரை பார்க்க மனைவியோடு போன பயணம் அது.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினோம். ஆனையிறவு தாண்டி, முப்பத்தேழாவது மைலில் பரந்தன் சந்தி. எட்டேகாலுக்கு இறங்கி, பிளேன்ரீ குடித்து, முல்லைத்தீவு பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். இன்னும் முப்பத்திரண்டு மைல். பாதி காடு, பாதி குழி. மனைவி யன்னலோரம் இருந்து மயில் எண்ணிக்கொண்டு வந்தார். நான் மடியில் ஒரு சின்னப் புத்தகத்தை விரித்து வைத்து, விடுதியில் பேசவேண்டிய ஆங்கில வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மனைவி கன்னியர் பாடசாலையில் படித்தவர். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அலுவலகத்தில் எழுதுவினைஞனான எனக்கு அது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

தங்கியது கடலோரத்து வாடிவீடு ஒன்றில். பயணிகளுக்காக அரசாங்கம் நடத்திய விடுதிகளை அப்படித்தான் சொல்வோம். அறைக்கு நாலு ரூபாய், சாப்பாடு தனி. சமையல், கூட்டல், துவைத்தல் எல்லாம் சவிரிமுத்து என்ற ஒரே ஆள். நாற்பது வயதிருக்கும், அந்தக் கரையிலேயே பிறந்த கத்தோலிக்கர். தமையனின் வள்ளத்தில் அன்று காலை வந்த பாரை மீனைப் பொரித்து வைத்தார். அப்படி ஒரு மீனை நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று: மழையில் கட்டில் விரிப்பு கொஞ்சம் ஈரம். "அண்ணை, இதை மாத்தித் தாங்கோ" என்றிருந்தால் அந்த நிமிடமே மாற்றியிருப்பார்.

நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை, விருந்தினர் அபிப்பிராயம் எழுதும் பெரிய புத்தகத்தை அவர் கொண்டுவந்து வைத்ததும் பேனையைத் திறந்தேன். என் சின்னப் புத்தகத்தில் மாதிரி முறைப்பாடு ஒன்று இருந்தது, ஐந்து வரி. விரிப்பு ஈரம், மீன் பழுது, பணியாள் மரியாதையற்றவன். எனக்கு வேண்டியது முதல் வரி மட்டும். ஆனால் அதை வெட்டி எடுத்து ஒட்டுகிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஐந்து வரியையும் அப்படியே பார்த்து எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, மீன் நல்லாத்தானே இருந்தது? அந்த மனிசன் எப்ப மரியாதையில்லாமல் கதைச்சவர்?"

"முழுசா எழுதினால்தான் இங்கிலீசு வடிவு," என்றேன். இதை இங்கே எழுதவே கூசுகிறது.

அப்போது சவிரிமுத்து வந்தார். "ஐயா, ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோவன். வாற மாதம் பெரியதுரை வந்து இந்தப் புத்தகத்தைப் பாத்திட்டுத்தான் என்ரை வேலையை நிரந்தரமாக்கிறதெண்டு சொன்னவர்."

அந்த இடத்திலாவது நான் அதை வெட்டியிருக்கலாம். மனைவிக்கு முன்னால், எழுதியதை வெட்ட மனம் வரவில்லை. வரிகளின் கீழே விரலை ஓட்டி, "சாப்பாடு நல்ல ருசி, ஆள் நல்ல மரியாதை" என்று தமிழில் வாசித்தேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வழியில் சாப்பிடப் புட்டும் மீன்பொரியலும் கட்டித் தந்தார். மனைவி அதைத் தொடவில்லை. நான் சாப்பிட்டேன்.

நாலு மாதம் கழித்துக் கந்தோர் அலுவலாக முல்லைத்தீவு போனேன். வாடிவீட்டில் வேறு ஆள். "அவரை வேலையாலை நிப்பாட்டிப்போட்டினம். நாயாத்துக் கரையிலை வலை இழுக்கிறாராம்," என்றான். மீன் ஏற்றப் போன லொறியில் பன்னிரண்டு மைல் போய் இறங்கினேன். கரைவலைக் கயிற்றை இடுப்பில் கட்டிக் கூலிக்கு இழுத்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் ஓடிவந்தார்.

"ஐயா, நீங்கள் நல்லதாய் எழுதின ஆள். வேறை ஆரோ ஒரு பாவி இல்லாததெல்லாம் எழுதிப்போட்டான். நாலு பிள்ளையள் ஐயா. உங்கடை இங்கிலீசிலை துரைக்கு ஒரு மனு எழுதித் தாங்கோ."

கவிழ்த்து வைத்திருந்த தோணியில் இருந்து எழுதினேன். கையில் எந்தப் புத்தகமும் இல்லை. மீன் நல்லது, ஆள் நல்லவர், புத்தகத்தில் எழுதியவன் நான், எழுதியது பொய். தட்டுத் தடுமாறி நாலு வரி, நிறையப் பிழைகளோடு. எனக்கு ஆங்கிலத்தில் சொந்தமாக எழுத வந்தது அன்றைக்குத்தான்.

"என்ன எழுதினனீங்கள், ஐயா?"

"நீங்கள் நல்ல மனிசன் எண்டு எழுதினனான்."

ஆறு வாரத்தில் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பொதி கருவாடு வரும், கூடவே பிள்ளைகளைக்கொண்டு எழுதுவித்த நன்றிக் கடிதம். கடிதத்தை மனைவி சத்தமாக வாசிப்பார். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

வாசகிக்கு என் யோசனை இவ்வளவுதான். "த ஷீட் இஸ் வெட், குட் யூ சேன்ஜ் இட், ப்ளீஸ்" போதும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன் அந்த ஆளிடமே சொல்லுங்கள். அவருடைய மொழி தெரிந்தால் அதிலேயே சொல்லுங்கள். முகம் தெரியாத துரைக்கு நான் ஆங்கிலத்தில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். அதையே சவிரிமுத்து அண்ணையிடம் தமிழில் சொல்ல, அவர் கண்மூடும்வரை இருபது வருடம் இருந்தது. நான் சொல்லவில்லை.