பல் டாக்டருக்கு எந்தப் பக்கம்?

கடைகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் பெயர்ப்பலகை வடிவமைப்பது என் தொழில். அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் வளாகம் கட்டிய ஒரு அண்ணாச்சி போன வருஷம் என்னை வரச்சொன்னார். பரளச்சிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி. கீழே ஜவுளிக்கடை, முதல் மாடியில் பல் ஆஸ்பத்திரி, அதற்கு மேலே டியூசன் சென்டர்.

மாடிப்படி கட்டடத்தின் பின்பக்கம். அதனால் முகப்புக்குப் பெயரும், படிக்கட்டுக்கு வழிகாட்டும் அம்புக்குறிகளும், ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பலகையுமாக வரைந்து கொண்டுபோனேன். அண்ணாச்சி பெயர் இருந்த படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“பேரு நரிக்குடி பஸ்ஸுல வாரவுகளுக்குத் தெரியணும் தாயி. அது போதும். இந்த அம்பெல்லாம் எதுக்கு? வீட்டுல அடுப்படி எங்கன்னு போர்டா மாட்டியிருக்கோம்?”

“வீட்டுல நீங்க இருப்பீக அண்ணாச்சி, கேட்டாச் சொல்லுவீக. இங்க யாரு சொல்லுவா?”

“ஜவுளிக்கடையில கேட்டுக்கிருவாக.”

பெயர் ஏறியது. இரவில் ஒளிரும் எழுத்துகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அண்ணாச்சிக்கு வேலையாகிவிட்டது. பல்வலிக்காரர்களோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சேலைகளுக்கு நடுவே நின்றார்கள். ஒன்றிரண்டு பேர் துண்டு வாங்கிக்கொண்டு போனதாகவும் கேள்வி.

பிறகு அண்ணாச்சிக்கே கடைவாய்ப்பல் வீங்கியது. அந்தக் கதையை அவர் மனைவிதான் சிரிப்பை அடக்க முடியாமல் எனக்குச் சொன்னார். அந்த அக்கா கீழே சேலை பார்க்க நின்றுவிட, இவர் மட்டும் மாடி ஏறியிருக்கிறார். வாடகைக்கு வந்தவர்கள் ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடிக் கதவு போட்ட பிறகு அவர் மேலே போனதே இல்லை. வலியில் ஒரு மாடி கூடுதலாக ஏறிக் கதவைத் தள்ளினால், உள்ளே பெற்றோர் கூட்டம்.

கன்னத்தில் கைவைத்து, முகம் தொங்கிப்போய் நின்றவரை, பிள்ளையின் மார்க்கால் நொந்துபோன அப்பா என்றே டியூசன் டீச்சர் நினைத்துவிட்டார். கையைப் பிடிக்காத குறையாக முன்பெஞ்சில் உட்காரவைத்தார்.

“கவலைப்படாதீக சார். கணக்குல எப்படியும் தேத்திரலாம்.”

அண்ணாச்சி வாயைக் காட்டினார். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பல் டாக்டரிடம் ஆளைக் காணாமல் தேடிக்கொண்டு மேலே வந்த அக்கா, வாசலிலேயே நின்றுவிட்டாராம். “ஏங்க, இந்த வயசுல என்னத்துக்கு டியூசன்?”

மறுநாள் அண்ணாச்சி போன் செய்தார். வாயில் பஞ்சு இருந்தது போல. “தாயி, அந்த அம்பு...” என்பது மட்டும் புரிந்தது. எனக்கும் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

நீல நிறத்தில் அம்புகள், ஒவ்வொரு கதவின் மேலும் பலகை என்று எல்லாம் மாட்டி முடித்தோம். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, படிக்கட்டு அடியில் நாற்காலி போட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பேசாமல் மேலே ஏறப்போன ஒரு அம்மாவை நிறுத்தினார்.

“பல்லு டாக்டரா? அந்தா, அம்பு போட்டிருக்குல்ல, அதைப் பாத்துப் போங்க.”

“அதைப் பாத்துத்தானே போறேன்,” என்றார் அந்த அம்மா.