தண்ணீர் கொண்டுவராதவருக்கு விதை இல்லை

“தண்ணி எங்கண்ணா?” என்றுதான் உம்மு சல்மா முதலில் கேட்பார். விதை வாங்க வந்தவர் திருதிருவென்று விழித்தால், “உங்க கெணத்துத் தண்ணி. ஒரு பாட்டில்ல புடிச்சினு வாங்க, அப்பறம் நெல்லப் பத்திப் பேசலாம்” என்று அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிடுவார். கடைக்கு வந்தவரைத் தண்ணீருக்கு விரட்டும் வியாபாரி மரக்காணத்தில் இவர் ஒருவர்தான்.

கடையின் பின் அலமாரியில் சோடா பாட்டில், சர்பத் பாட்டில், இருமல் மருந்துப் புட்டிகூட நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு விவசாயியின் பெயர். ஒரு பிடி நெல்லை அவரவர் தண்ணீரிலேயே ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, பிரிக்கும்போது சொந்தக்காரரையே வரவழைத்துக் காட்டுவார். முளைக்காத ரகத்தைக் கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். “துணியில வராதது வயல்ல மட்டும் வந்துடுமா? சும்மா போங்கண்ணா.” முளைத்தாலும் துள்ள விட மாட்டார். “இது பாதிதான். மீதி மழை கையில, அல்லா கையில.”

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்னவர் உப்பளத்தை ஒட்டி நெல் நட்டுப் பார்த்திருக்க மாட்டார். கண்ணாயிரம் நட்டுப் பார்த்தவர். அவருடைய அறுபது சென்ட்டில் இரண்டு வருஷமாக நாற்று கருகியது. வேறு கடையில் வாங்கி நட்டது, இந்த வட்டாரக் கடைகளுக்கெல்லாம் சரக்கு போடும் மொத்த வியாபாரி பாலகுருவின் சன்ன ரகம். தை பிறந்ததும் நிலத்தை உப்புப் பாத்தி கட்டக் கொடுத்துவிடுவது என்று கண்ணாயிரம் முடிவுக்கு வந்திருந்தார். உப்பு விளைந்த மண்ணில் அப்புறம் புல்கூட முளைக்காது. கேள்விப்பட்ட உம்மு சல்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நெல்லு தோத்துப்போச்சுன்னா வேற நெல்லு பாக்கணும். நெலத்தயே கொன்னுடுவீங்களா?”

மறுநாளே பஸ் ஏறிப் போய், அரசு ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து உப்பு தாங்கும் புது ரகத்தை மூட்டையாகக் கொண்டுவந்தார். கண்ணாயிரத்தின் உப்பேறிய கிணற்றுத் தண்ணீரில் அது வெள்ளை வெளேரென்று முளை விட்டது. அதே தண்ணீரில் சன்ன ரகம் அழுகியது. இரண்டு துணிகளையும் கடை வாசலிலேயே விரித்து வைத்தார். பார்க்காத ஆள் பாக்கியில்லை. சேதி போய், பாலகுருவே வேனில் வந்து இறங்கினார்.

“ஏம்மா, என் சரக்க வித்துக்கினே என் பேர நாறடிக்கிறியா?”

“நான் எங்க நாறடிச்சேன்? மோந்து பாருங்க. அதுவாத்தான் நாறுது.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். காலிச் சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற கண்ணாயிரம் மட்டும் சிரிக்கவில்லை. புது நெல்லை நம்பலாமா, உப்பளக்காரரிடமே போகலாமா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

பாலகுரு குரலைத் தாழ்த்தினார். “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த மூட்டைய உள்ள தள்ளு. இல்லன்னா உரம், மருந்து ஒண்ணும் என் குடோன்லேருந்து வராது.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் உரம் இல்லாத கடை இந்த மழைக்காலத்தைத் தாண்டாது என்பது உம்மு சல்மாவுக்குத் தெரியும்.

“யோசிச்சிக்கோ. என் போர்டு இல்லன்னா இந்தக் கடைய எவனுக்குத் தெரியும்?”

உம்மு சல்மா ஸ்டூலை இழுத்து வாசலில் போட்டு, முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஏறினார். பாலகுருவின் பெயரைக் கொட்டை எழுத்தில் தாங்கிய தகரப் பலகையின் கட்டுக்கம்பியை முறுக்கி அவிழ்த்தார். ஸ்டூல் ஆடியது. கண்ணாயிரம் ஓடிவந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கியவர் பலகையைக் குப்புறப் போட்டு, புது மூட்டையைப் பிரித்து பலகையின் முதுகில் நெல்லைக் கொட்டினார்.

“பதரு கிதரு இருக்குதான்னு பாத்து அள்ளுங்கண்ணா.”

கண்ணாயிரம் குந்தி உட்கார்ந்து சாக்கின் வாயை விரித்தார்.