பத்து விரலும் விழல

இன்னைக்கு ரேஷன் கடையில கைரேகை மெஷின் என் விரலை எடுக்கல.

"வேற விரல் வைங்க ஐயா"ன்னாங்க கடைக்காரம்மா. பத்தும் வெச்சேன். ஒண்ணும் விழல.

"ரேகையே இல்லியே, இன்னா வேலை பாத்தீங்க?"

"ஆம்பூர் டேனரியில, தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழி. ரேகையை அந்தச் சுண்ணாம்பு தின்னுடுச்சு."

எண்பதுகள்ல அங்க கிளவுஸ் குடுத்தாங்க. நான் தொடல. தோலோட பதம் வெறுங்கைக்குத்தான் தெரியும். அதான் என் கொள்கை. கிளவுஸ் போட்ட தோஸ்த் அன்வரை, "தொழில் தெரியாதவன்"னு தினமும் கிண்டல் பண்ணுவேன்.

இன்னைக்கு வரிசையில எனக்குப் பின்னாடி அவன்தான். ஒரே தடவையில அவன் ரேகை விழுந்துச்சு. எனக்கு, போனுக்கு வந்த ஓடிபி நம்பரைக் கேட்டு அரிசி போட்டாங்க.

எனக்குக் கோவமும் வரல, வருத்தமும் வரல. அவன் சிரிக்கவும் இல்ல. என் அரிசிப் பையையும் சேத்துத் தூக்கிக்கினு நடந்தான்.

கொள்கையோட வாழ்ந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க: நீங்க எந்த விரலை வைக்கிறீங்க?